வெள்ளை பூத்த பீப்பாய்

தொம்மையின் மூக்கைப் பற்றிப் பேசாத பங்களா பாளையங்கோட்டையில் கிடையாது. மேட்டுத்திடலில் ஏழெட்டு வெள்ளைக்காரர் குடும்பங்கள் இருந்தன. எந்த வீட்டில் விருந்தென்றாலும், "ஹார்க்னஸ் துரை வீட்டு பட்லரைக் கொஞ்ச நேரம் அனுப்பி வையுங்கள்" என்று ஆள் வந்துவிடும். தொம்மை போவார். தக்கையைத் திருகி எடுத்து, புட்டியின் வாயை மூக்கருகே ஒரே ஒரு தரம் கொண்டுபோவார். "இது மீனுக்கு. இது சூப்புக்கு. இதைக் கடைசியில புட்டிங்குக்கு வைங்க" என்று பிரித்து அடுக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். ஒரு சொட்டு நாக்கில் படாது. பட்டால் அன்றோடு அவர் பிழைப்புக்கு மணி அடித்தாயிற்று என்று அர்த்தம்.

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மனுஷன் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர்தான். புன்னைக்காயலில் பிறந்து, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு வீட்டில் தேங்காய் துருவ ஆரம்பித்து, பட்லராக உயர்ந்து, துரைமார் மேசையில் மிச்சம் வைத்ததையெல்லாம் அடுக்களையில் நின்றபடியே காலி செய்து பழகியவர். 1899 கிறிஸ்துமஸ் அன்று பத்து விருந்தாளிகளுக்கு முன்னால், வான்கோழித் தட்டோடு குப்புற விழுந்தார். மறுநாள் அந்தத் துரை எழுதிக் கொடுத்த கடுதாசியில் இரண்டே வரி: சமையலில் கெட்டிக்காரன், குடிப்பான். அந்த இரண்டாவது வரி அவரை இரண்டு வருஷம் எந்த வாசலையும் மிதிக்கவிடவில்லை. அவர் மனைவி அந்தோணியம்மாள் எலுமிச்சையும் மாங்காயும் ஊறுகாய் போட்டுச் சந்தையில் விற்றுத்தான் இருவரும் கஞ்சி குடித்தார்கள். அவள் ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தொம்மைக்குத் தோன்றும். 1901-ஆம் வருஷத்துத் திருவிழாவில், தூத்துக்குடி பனிமய மாதா முன்னால் முழங்காலில் நின்று, இனி இந்த நாக்கில் அது படாது என்று வார்த்தை கொடுத்தார். பக்கத்தில் அந்தோணியம்மாளும் முழங்காலில் நின்றாள்.

அதற்குப் பிறகுதான் ஹார்க்னஸ் துரை அவரை வேலைக்கு வைத்தார். துரைக்கு நிலாவரை இலை வியாபாரம். நம் சீமையில் விளையும் நிலாவரைக்கு ஐரோப்பா முழுக்க கிராக்கி; வெள்ளைக்காரனுக்கு வயிறு இளக வேண்டுமென்றால் நம் ஊர் இலைதான் போகவேண்டும். சேர்ந்த அன்றே துரை சொன்னார், அவருக்குத் தமிழ் நன்றாக வரும்: "தொம்மை, உன் மூக்கை நம்புகிறேன். நாக்கை நம்பமாட்டேன். என் வீட்டில் ஒரு சொட்டு குடித்தாய் என்று தெரிந்தால், இங்கிருந்து சென்னைப் பட்டணம் வரை எந்தப் பங்களாவிலும் உனக்குச் சோறு கிடையாது."

ஒன்பது வருஷம் ஓடிற்று. தொம்மை குடிக்கவில்லை. ஆனாலும் பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே ஊர் சொல்லும்! கையலம்பாமல், சட்டை மாற்றாமல் அவர் பங்களாவை விட்டுக் கிளம்பமாட்டார். வழியில் யாராவது நெருங்கி நின்று பேசினால் வாயைத் திறந்து ஒரு பெருமூச்சு விடுவார். மோந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான்.

1910 சித்திரை மாதம் அந்தப் பீப்பாய் வந்தது.

சின்னப் பீப்பாய்தான், ஓர் ஆள் தோளில் தூக்கலாம். ஸ்பெயின் தேசத்துக் காதிஸ் துறைமுகத்திலிருந்து கொழும்பு வந்து, தூத்துக்குடி வந்து, ரயிலேறித் திருநெல்வேலி வந்து, மாட்டுவண்டியில் பங்களாவுக்கு வந்து இறங்கிற்று. அனுப்பியவர் தொன் எமிலியோ என்கிற ஸ்பெயின்காரர். துரையிடம் வருஷா வருஷம் நிலாவரை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். ஹெரெஸ் என்கிற ஊரில் அவர்களுக்கு ஒயின் கிடங்கு உண்டு. மணிலாவுக்குப் போகிற வழியில் பாளையங்கோட்டைக்கு வந்து, துரையோடு ஒரு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு, பேச்சை முடித்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. பீப்பாய் அந்தச் சாப்பாட்டுக்காக முன்கூட்டியே வந்தது.

துரை கடுதாசியைப் படித்துச் சொன்னார்: "வெளிறிய ஷெர்ரி. வைக்கோல் நிறம். பொரித்த சின்ன மீன், இறால், உப்புப் போட்டு வறுத்த பாதாம், இவைகளோடு குடிக்க வேண்டுமாம். குளிர்ச்சியான இடத்தில் வை. அவர் வரும்வரை யாரும் திறக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறார். புரிகிறதா? திறக்கக்கூடாது."

தொம்மைக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹெரெஸ் ஊர்ச் சரக்கு துரைமார் வீடு எல்லாவற்றிலும் உண்டு. அத்தனையும் ஒரே ஊர் வெள்ளைத் திராட்சைதான். வளர்ப்பில்தான் நிறம் மாறுகிறது என்று ஒரு துரை சொல்லக் கேட்டிருக்கிறார். வெளிறியதற்குப் புளித்த மாவு வாசமும் கடற்காற்று வாசமும் இருக்கும். நெத்திலி வறுவலை வாயில் போட்டு அதை ஒரு மடக்குக் குடித்தால், எலுமிச்சை பிழிந்தாற்போல எண்ணெயையும் உப்பையும் துடைத்துவிடுமாம். தேன் நிறத்தில் ஒன்று வரும்; அதற்கு வறுத்த முந்திரி வாசம்; அது சூப்புக்கும் கௌதாரிக்கும். கறுத்து, பாகாக ஒன்று வரும்; அது புட்டிங்குக்கு. புளி ஊற்றிய குழம்பு எதற்கும் ஆகாது. ஒரு துரை ஆசைப்பட்டு மீன் குழம்போடு வெளிறியதைக் குடித்துவிட்டு, இரண்டையும் சேர்த்துத் துப்பியதைத் தொம்மையே பார்த்திருக்கிறார். இத்தனை சாஸ்திரமும் மூக்காலும் காதாலும் படித்தது.

துரை இலைக் கொள்முதலுக்காகச் சாத்தான்குளம் பக்கம் புறப்பட்டுப் போனார். திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆகும். துரைசானி கோடைக்குக் கொடைக்கானல் போயிருந்தாள். பங்களாவில் தொம்மையும் காவல்காரன் பிச்சைக்கண்ணுவும்தான். தொம்மை பீப்பாயைச் சாமான் அறையின் இருட்டு மூலையில் வைத்து, நனைத்த சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துவந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம். வெயில் கொளுத்துகிறது. சாமான் அறையில் 'டப்' என்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால், பீப்பாயின் வயிற்றிலிருந்த மரத்தக்கை கழன்று தரையில் கிடந்து உருளுகிறது. வேக்காட்டில் உள்ளே இருந்த காற்று உந்தித் தள்ளியிருக்கிறது. திறக்கக்கூடாது, திறக்கக்கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாரே மனுஷன்! தக்கையை எடுத்துத் துடைத்து அடிக்கப் போனவர், ஒரு ஈர்க்கை உள்ளே விட்டுப் பார்த்தார். முதல் இடி: பீப்பாய் நிறைய இல்லை. ஆறில் ஒரு பங்கு காலி. இரண்டாவது இடி: வெளியே வந்த ஈர்க்கின் மேல் வெள்ளையாக, ஈரமாக, சுருங்கிய பாலாடையாட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

மெழுகுவர்த்தியைக் கொளுத்தித் துளையருகே பிடித்துப் பார்த்தார். உள்ளே ஒயினின் மேல் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது.

"மாதாவே!" என்றார் தொம்மை. அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஊறுகாய்க்காரி புருஷனுக்கு வெள்ளை பூத்தால் என்ன அர்த்தமென்று தெரியாதா? ஈரக் கை பட்டுவிட்டது, அல்லது வெயில் போதவில்லை. சரக்கு கெட ஆரம்பித்துவிட்டது. சாக்கில் தண்ணீர் தெளித்துத் தெளித்து நாமே கெடுத்துவிட்டோம் என்று முடிவு செய்துகொண்டார். துரைக்கு ஆள் அனுப்பிச் சொல்லலாமா? என்ன சொல்வது? தக்கை தானாகக் கழன்றது, ஒயின் தானாகக் குறைந்தது, தானாகக் கெட்டது என்றா? பச்சைக் குழந்தைகூட நம்பாது. ஒரு வரிதான் எழுதுவார்கள்: குடிப்பான். ஒன்பது வருஷம் கட்டிக்காத்த பேர் ஒரு ஈர்க்கு நுனியில் வந்து நிற்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தோணியம்மாள் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தாள். தொம்மை பைய ஆரம்பித்தார்.

"ஏளா, ஊறுகா மேல வெள்ள பூத்துருச்சுன்னா என்ன செய்வ?"

"எந்த ஊறுகா? நம்ம ஜாடி ஒண்ணும் பூக்கலயே?"

"நம்மளது இல்ல. பங்களாவுல ஒரு ஜாடி."

"பூத்ததை வழிச்சு எறிஞ்சுட்டு, வெள்ளைத்துணியில வேடு கட்டி, வெயில்ல வைக்கணும். ஏழெட்டு வெயில் காஞ்சா எல்லாம் தேறிரும்." நறுக்கிக்கொண்டே சொன்னவள் கத்தியை நிறுத்தினாள். "துரை வீட்டு ஊறுகாய்க்கு நீங்க ஏன் இப்பிடி வெளிறிப் போயி வந்திருக்கிய?"

"வெயிலு" என்றார் தொம்மை.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்தார். ஆனால், 'பீப்பாயைத் திறந்தேன்' என்ற வார்த்தைக்குப் பின்னால் அவள் முகம் எப்படிப் போகுமோ என்று பயமாக இருந்தது. ஊரே நம்பாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம், இவள் ஒருத்தி ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்த்தாலும் அதைத் தாங்க முடியாது. சொல்லாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் காரியத்தில் இறங்கினார். பீப்பாயைச் சாய்த்து, மெல்லிய மல்லுத்துணியில் வடிகட்டி, மூன்று பீங்கான் ஜாடிகளில் ஊற்றினார். துணியில் தங்கிய வெள்ளையைக் கிணற்றடியில் கொட்டி மண்ணைத் தள்ளினார். பீப்பாய்க்குள்ளே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டு அலசி, ஒரு பொட்டு வெள்ளை விடாமல் கழுவிக் காயப்போட்டார். ஜாடிகளுக்கு வேடு கட்டி, அடுக்களைக்குப் பின்னால் வெயிலில் வைத்தார். எவ்வளவு சுத்தம்! எவ்வளவு அக்கறை! பாவி மனுஷன் அந்த அக்கறையில் பாதியை விட்டிருந்தால் ஒயின் பிழைத்திருக்கும்.

பிச்சைக்கண்ணு அன்று மத்தியானமே வந்து நின்றான். "என்ன அண்ணாச்சி, ஜாடி ஜாடியா காயுது? வாசம் தூக்குதே!"

"காடி போடுதேன் வே."

"காடியா! எனக்கும் ஒரு கிண்ணம் காடி ஊத்துங்க, சோத்துல விட்டுக்கிடுதேன்." கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான் படுபாவி. தொம்மைக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இவன் சந்தையில் போய் என்ன உளறுவானோ?

வடிகட்டும்போது கையிலும் துண்டிலும் வழிந்த வாசம், சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தோணியம்மாள், தோளிலிருந்த துண்டை வாங்குகிற சாக்கில் அருகே வந்தாள். துண்டை வாங்கினாள். அரை நொடி அப்படியே நின்றாள். அவள் மூச்சை இழுத்ததை அவர் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சோற்றைப் போட்டாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. சோற்றை வைத்துவிட்டு, அவர் நடந்து போய்க் கையலம்புவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். கால் நேராகப் போகிறதா என்று பார்க்கிறாள்! தொம்மைக்கு 'இல்லளா, சத்தியமா இல்ல' என்று கத்த வேண்டும்போல வரும். அவள் கேட்டால்தானே சொல்வதற்கு? கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் அதுவே குற்றமாகத் தோன்றுமே! அவளோ வாயைத் திறக்கவில்லை. காலையில் இருட்டோடு எழுந்து பூசைக்குப் போனாள்; முன்பெல்லாம் ஞாயிறு மட்டும் போகிறவள்.

எட்டு வெயில் ஆயிற்று. வேடு கட்டிய துணியை அவிழ்த்துப் பார்த்த தொம்மை திகைத்துப்போனார். வெள்ளை மறுபடி பூக்கவில்லை, அந்த மட்டில் ஊறுகாய் வைத்தியம் பலித்துவிட்டது. ஆனால் வைக்கோல் நிறம் எங்கே? மூன்று ஜாடியிலும் கடுந்தேன் நிறத்தில் ஒன்று நின்றது. நாலு விரற்கடை வற்றியும் போயிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். புளித்த மாவு இல்லை, கடற்காற்று இல்லை. வறுத்த முந்திரி. அதன் அடியில் பழைய மரப்பெட்டி வாசம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால் ஊர் சிரிக்கும். இங்கே கைப்பிடி அரிசிக்கே ஆபத்து. தொம்மை ஜாடிகளைப் பீப்பாயில் கொட்டி, தக்கையை அடித்து, சாக்கைப் போர்த்திவிட்டு, அதன் எதிரிலேயே வெகுநேரம் நின்றார். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் கெட்டதா நல்லதா என்று தெரிந்துவிடும். விரல் நுனிகூட நனைந்திருந்தது. விரலைப் பார்த்தார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

துரை வந்தார். மறுநாள் விருந்து. நெத்திலியும் இறாலும் தூத்துக்குடியிலிருந்து ஐஸில் வருகிறது, பாதாமும் வந்தாயிற்று, அத்தனையும் முதல் வட்டத்தில் பீப்பாய் ஒயினோடு போகவேண்டும் என்று உத்தரவு போட்டார். "சரிங்க" என்றார் தொம்மை. மேசைக்குப் பக்கத்தில் நின்று நான்கு தரம் வாயைத் திறந்தார். நான்கு தரமும், உப்பு எங்கே வைக்கட்டும், கரண்டி எது என்றுதான் வெளியே வந்தது.

ஆனால் ஒன்று செய்தார். முந்திரி வாசத்துக்கு நெத்திலி ஆகாது என்று மூக்கு சொல்லிற்றே, அதைத் தட்ட மனம் வரவில்லை. உத்தரவு இல்லாமலே நாலு கௌதாரி வாங்கி, எலும்போடு இடித்து, மிளகும் சீரகமும் தூக்கலாக வைத்து, ஒரு சொட்டுப் புளி காட்டாமல் மிளகுத்தண்ணி காய்ச்சினார். கடைசி அடுப்பில் தணலில் அதை வைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

தொன் எமிலியோ காலை வண்டியில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும், வேர்த்து விறுவிறுத்து வந்தும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. கையில் ஒரு நீளத் தோலுறை. அதிலிருந்து மெல்லிய பிடியும் நுனியில் சின்ன வெள்ளிக் குவளையும் உள்ள ஒரு கோலை எடுத்தார். பீப்பாய்க்குள் விட்டு ஒயினை மொள்கிற கோல். "பீப்பாயைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நானே ஊற்றுகிறேன்" என்றார் இங்கிலீஷில். தொம்மைக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். புரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

பீப்பாய் வந்தது. தக்கையை எடுத்ததும் ஸ்பெயின்காரர் கோலை விடவில்லை. மெழுகுவர்த்தி கேட்டார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"மேலே வெள்ளையாக ஒன்று இருந்ததே, எங்கே?"

துரை விழித்தார். "வெள்ளையாகவா?"

"எங்கள் ஊரில் அதைப் பூ என்போம். உயிருள்ளது. போர்வையாக மேலே படர்ந்து, காற்றுப் படாமல் ஒயினைக் காக்கும். அது மூச்சுவிடத்தான் பீப்பாயை நிரப்பாமல் அனுப்பினேன். என் தகப்பனார் இருபது வருஷம் வளர்த்தது. போன வருஷம் இறந்துவிட்டார். மணிலாவில் நான் வைக்கப்போகிற கிடங்குக்கு இதிலிருந்து விதை எடுத்துப் போகலாம் என்று இருந்தேன்." கோலை உள்ளே விட்டு ஒரு கிண்ணம் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். தேன் நிறம். "யாரோ பூவை எடுத்துவிட்டார்கள்."

தொம்மைக்கு அப்போதுதான் உறைத்தது. கெட்டதை எடுக்கவில்லை. காத்ததை எடுத்திருக்கிறார். கிணற்றடியில் மண்ணைத் தள்ளிப் புதைத்தது ஒரு செத்த மனிதரின் இருபது வருஷம். பயம் எங்கேயோ போய், அந்தக் கணம் அவருக்கு வெட்கம்தான் வந்தது.

"நான்தான் துரை" என்றார். தமிழில்தான் வந்தது. தக்கை கழன்றது, ஈர்க்கு விட்டுப் பார்த்தது, ஊறுகாய் பூத்தாற்போல இருந்தது, வடிகட்டியது, எட்டு நாள் வெயிலில் வைத்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

ஹார்க்னஸ் துரையின் கழுத்து சிவந்து, காது சிவந்தது. "ஊறுகாயா! பன்னிரண்டு நாள் வீட்டில் ஆளில்லை. பீப்பாய் பாதிக்கு வந்து நிற்கிறது. எனக்கு ஊறுகாய்க் கதை சொல்கிறாயா? குடித்தாய். குடித்துவிட்டு மிச்சத்தில் எதையோ கலந்து வைத்தாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு எல்லாரும் சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை."

"இல்ல துரை. மாதா சத்தியமா இல்ல."

"வெளியே போ."

தொம்மை போகவில்லை. தைரியத்தால் இல்லை, கால் நகரவில்லை.

ஸ்பெயின்காரர், "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். துரை பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்துச் சொன்னார். ஊறுகாய் என்பதற்கு மட்டும் நாலைந்து வாக்கியம் ஆயிற்று. தொன் எமிலியோ கேட்டுக்கொண்டே கிண்ணத்தை மோந்தார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"இவன் குடிக்கவில்லை."

"எப்படித் தெரியும்?"

"குடிக்கிறவனாக இருந்தால் முதலில் என்ன செய்திருப்பான்? கெட்டுவிட்டதா என்று பார்க்க நாக்கில் ஒரு சொட்டு வைத்திருப்பான். வைத்தவனுக்கு உடனே தெரிந்திருக்கும், அடியில் இருந்தது அருமையான ஒயின் என்று. தக்கையை அடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான். ஒரு சொட்டுகூடத் தொடாத மனிதனால்தான் இவ்வளவு நல்ல ஒயினை இவ்வளவு சிரத்தையாகப் பாழாக்க முடியும்."

அடுக்களையிலிருந்து மிளகு வாசம் வந்துகொண்டிருந்தது.

ஸ்பெயின்காரர் மூக்கை நிமிர்த்தினார். "அது என்ன?"

கேட்ட மாத்திரத்தில் தொம்மையின் கால் நகர்ந்தது. நெத்திலித் தட்டு மேசையில் தொடப்படாமல் இருக்க, மிளகுத்தண்ணியை இரண்டு கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்தார். தொன் எமிலியோ முதலில் ஒரு நெத்திலியைக் கடித்து ஒயினைக் குடித்தார், முகம் சுளித்தது. அடுத்து மிளகுத்தண்ணி ஒரு கரண்டி, ஒயின் ஒரு வாய். இன்னொரு கரண்டி. இன்னொரு வாய்.

"என் தகப்பனாரின் ஒயின் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது" என்றார். "ஆனால் இது வேறொன்று. மோசமில்லை. இந்தச் சூப்போடு, மோசமே இல்லை. குடித்துப் பார்க்காமல் இதற்கு இதுதான் என்று உனக்கு யார் சொன்னது?"

தொம்மை மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

அவர் தன் கிண்ணத்தை நீட்டினார். "நீ எதைப் பாழாக்கினாய் என்று நீயும் தெரிந்துகொள்." துரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தொம்மை இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோய், மூச்சை நெடுக உள்ளிழுத்து, அப்படியே திருப்பி மேசையில் வைத்துவிட்டார்.

"சூப்பு ஆறுகிறது" என்றார் ஹார்க்னஸ் துரை, யாரையும் பார்க்காமல். மன்னிப்பு என்று அந்த மனிதரிடமிருந்து வரக்கூடியது அவ்வளவுதான். நிலாவரைப் பேச்சு அன்று முடியவில்லை. மணிலாவிலிருந்து எழுதுவதாகச் சொல்லி ஸ்பெயின்காரர் மாலை வண்டிக்குப் புறப்பட்டார். துரை இரண்டு நாள் தொம்மையோடு பேசவில்லை. ஆனால் போ என்றும் சொல்லவில்லை.

விருந்து முடிந்த கையோடு, பொழுது சாய்வதற்குள் தொம்மை வீட்டுக்கு ஓடினார். அந்தோணியம்மாள் முற்றத்தில் ஊறுகாய்ப் பானைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம்போலத் துண்டுக்குக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. நின்றபடியே, தக்கையிலிருந்து ஆரம்பித்துக் கடைசி வரை சொன்னார்.

கேட்டு முடித்தவள் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். "அட பாவி மனுஷா! நான் மாங்காய்க்குச் சொன்ன வைத்தியத்தைக் கொண்டுபோயி சீமைச் சரக்குக்குப் பண்ணிட்டியளா?" உப்புக் கையோடு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது.

"எட்டு நாளா மோந்து மோந்து பாத்தியே. அந்த வாசம் உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

அவள் உப்பைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டியன்னா?" என்றாள். "நான் எங்க போவேன்?"

தொம்மை அவளுக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார். துரை முன்னால் வராத அழுகை அப்போது வந்தது.